மக்கு என்று சொல்லாதீர்கள்!

2022 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறேன். எதிர் வீட்டுப் பெண் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூல் மில் ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிறவள். பையன் நாலாம் வகுப்பு.

"அக்கா, இவனுக்குப் படிப்பே ஏறலை. மக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அஞ்சாவது முடிச்சதும் பூட்டுப் பட்டறையில விட்டுடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு" என்று கண் கலங்கினாள். பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர்கள் பேசுவது அவன் காதிலும் விழுகிறதே என்று எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்தான்! "நல்லாத்தானே வாசிக்கிறான்?" என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் விரலைப் பார்த்தேன். வாய் அஞ்சாவது வரியில் இருக்கிறது, விரல் மூணாவது வரியில் நிற்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றேன். விழித்தான். பாடம் முழுவதும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது. எழுத்துக் கூட்டத் தெரியாது.

யோசித்துப் பார்த்தால் அவன் மேல் என்ன தப்பு? இரண்டாம் வகுப்பு முடியும் முன்பே, 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. மூணாம் வகுப்பை அவன் கண்ணாலேயே பார்க்கவில்லை. திறந்ததும் கையில் நாலாம் வகுப்புப் புத்தகம்!

நான் படித்தது பிளஸ் டூ. எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். அதே பாடத்தைப் பத்துப் பத்துத் தடவை எழுத வைத்தேன், அதட்டினேன். மூணு நாள் வந்தான். நாலாம் நாள் என் தலையைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் வந்திருந்தாள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "சித்தி, எந்த வகுப்புன்னு பார்க்காதீங்க. எந்தப் படியில நிக்கிறான்னு பாருங்க. எழுத்து, சொல், பத்தி, கதை. மொத்தம் நாலே படிதான்."

"நான் என்ன டீச்சரா? என்னால ஆகுமா?" என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் என் மனசில் நின்றது. 2001 முதல் பரோடாவிலும் மும்பையிலும் 'பால்சகி' என்று ஒரு திட்டத்தை ஆராய்ந்தார்களாம். அக்கம்பக்கத்து இளம்பெண்கள், பத்து பன்னிரண்டு வகுப்பு படித்தவர்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துத் தினம் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். 2007இல் இந்த ஆய்வை வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். "பிளஸ் டூ படிச்ச பொம்பளைங்களை லேசா நினைக்காதீங்க சித்தி!" என்றாள்.

மறுநாள் புத்தகத்தை மூடி வைத்தேன். கோலப்பொடியால் வாசல் திண்ணையில் எழுத ஆரம்பித்தோம். பையனுக்கு எழுத்து தெரிந்திருந்தது. கொம்பும் காலும்தான் குழப்பம். கல் – கால், மெல் – மேல், கொடு – கோடு என்று ஜோடி ஜோடியாகப் போட்டோம். பிறகு மளிகைச் சீட்டு. பிறகு பஸ் ஸ்டாண்டு போர்டு: பழனி, நத்தம், ஒட்டன்சத்திரம். ஒரு நாள் நான் கேட்காமலேயே, "அத்தை, அது வத்தலக்குண்டு பஸ்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நீ சொல்லித் தர வேணாம். ஷிப்டு முடிஞ்சு வந்ததும் பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து கேளு, போதும்" என்றேன். தவறாமல் கேட்டாள். மகன் வாசிக்க, அம்மா கேட்க, அந்த வீட்டில் 'மக்கு' என்ற பேச்சு தானே நின்றுபோனது.

அப்போது தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்தது. 2021 அக்டோபரில் தொடங்கியது. நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். மாலையில் ஒன்றரை மணி நேரம். என் திண்ணை நிறையப் பிள்ளைகள். இதனால் பலன் உண்டா என்று கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் முதலிய ஆய்வாளர்கள் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் இருந்ததைவிட, 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் இன்னும் மோசம். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்துவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் கிடைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்து பயன் பெற்றார்களாம்.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அரும்பை யாராவது 'மக்கு' என்பார்களா? மலர நாள் இருக்கிறது, அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள். பாடத்தில் இல்லாத நாலு வரியை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாயைப் பார்க்காமல் விரலைப் பாருங்கள். தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள். தினம் பதினைந்து நிமிஷம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலோ, கூப்பிட்டது காதில் விழாவிட்டாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மாதக் கணக்கில் முயன்றும் எழுத்து பிடிபடவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்கும் தனிப் பயிற்சி உண்டு, அடி மருந்தல்ல.

எதிர் வீட்டுப் பையன் ஐந்தாவதோடு நிற்கவில்லை. 2023 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். கணக்கு மட்டும் இன்னும் தகராறுதான். பூட்டுப் பட்டறைப் பேச்சை அவன் அப்பா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.