ரயில் மாறினால் ‘எஸ்’ வருவது ஏன்?

சென்னையிலிருந்து நீலகிரி விரைவு ரயிலில் புறப்பட்டு, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போக வேண்டிய இடம் உதகமண்டலம். ஆனால் வந்த ரயில் உங்களை மலைமேல் கொண்டுசெல்லாது. ஏன்?

மேட்டுப்பாளையம் வரை வருவது அகலப் பாதை. அங்கிருந்து மலைமேல் செல்வது மீட்டர் பாதை. மேலும், கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. சுமார் 12 அடி தூரத்துக்கு ஓர் அடி என்ற அளவுக்குக்கூடப் பாதை உயர்கிறது. அங்கே வழுவழுப்பான தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறும். இப்பாதை 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

ஆகவே மேட்டுப்பாளையத்தில் ரயில் மாறியே ஆக வேண்டும். ‘ரயில் மாறினேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள் பார்ப்போம். நம்மில் பலர் ‘ஐ சேஞ்ச்ட் டிரெயின்’ என்று எழுதிவிடுவோம். ஆசிரியர் சிவப்பு மையால் ஓர் ‘எஸ்’ சேர்த்து, ‘ஐ சேஞ்ச்ட் டிரெயின்ஸ் அட் மேட்டுப்பாளையம்’ என்று திருத்தித் தருவார்.

மாறியது நான் ஒருவன்தானே, ரயில்கள் என்று பன்மை எதற்கு? ஒரு ரயிலை விட்டு மற்றொரு ரயிலில் ஏறினீர்கள் அல்லவா? ஆங்கிலம் இரண்டையும் எண்ணிவிடுகிறது! நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினைப் பூட்டும் குன்னூரிலும் இதே கணக்குதான். அங்கே ரயில் ‘சேஞ்சஸ் இன்ஜின்ஸ்’ என்பார்கள்.

இடையில் வந்த ‘அட்’ என்ற சிறு சொல்லையும் பாருங்கள். ஆங்கில ஆசிரியர் பிரிபொசிஷன் என்று சொல்லும் முன்னிடைச்சொல் இது. பயணத்தில் குன்னூர் ஒரு புள்ளி. ஆகவே இன்ஜின் மாறுவது ‘அட் குன்னூர்’. ஆனால் குன்னூரில் குடியிருப்பவர் ‘இன் குன்னூர்’ என்பார். அவருக்கு அது நாலு பக்கமும் சூழ்ந்த ஊர். நம்முடைய ‘இல்’ உருபு இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்துவிடுகிறது.

ஒரு நண்பனா, பல நண்பர்களா?

அடுத்த புதிரைக் கேளுங்கள். மலை ரயிலில் உங்கள் வயதுள்ள ஒரு மாணவன் எதிரே அமர்ந்திருக்கிறான். பேசிப் பழகி நட்பாகிவிட்டீர்கள். ‘ஐ மேட் பிரெண்ட்ஸ் வித் ஹிம்’ என்கிறது ஆங்கிலம். கிடைத்தது ஒரே நண்பன். ஆனால் சொல்லோ ‘பிரெண்ட்ஸ்’ என்று பன்மை!

நட்புக்கு இருவர் வேண்டும். அவன் உங்களுக்கு நண்பன், நீங்கள் அவனுக்கு நண்பர். ஆக மொத்தம் இரண்டு நண்பர்கள். கை குலுக்குவதும் அப்படியே. உங்கள் கை ஒன்று, அவன் கை ஒன்று. எனவே ‘ஷேக் ஹேண்ட்ஸ் வித்’. இருக்கையை அவனுடன் மாற்றிக்கொண்டால் ‘சேஞ்ச் சீட்ஸ் வித்’. இந்த ‘வித்’ தான் மறுபாதிக்கு உரியவர் யார் என்று காட்டுகிறது. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஒடு’ என்று பெயரிட்டாரே, ஏறக்குறைய அதே வேலை.

இருபுறமும் பங்குள்ள இத்தகைய செயல்களில் வினை, பன்மைப் பெயர், ‘வித்’ ஆகிய மூன்றும் ஒரே அணியாக வருவதைக் காணலாம்.

ஓர் எழுத்தால் வரும் வம்பு

‘எஸ்’ விட்டுப்போனால் என்ன, பொருள் விளங்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல இடங்களில் விளங்கிவிடும். சில இடங்களில் தலைகீழாகிவிடும்.

‘ஹேவ் எ வேர்ட் வித்’ என்றால் ஒருவரிடம் சிறிது பேசுவது. ‘ஹேவ் வேர்ட்ஸ் வித்’ என்றால் அவரோடு சண்டை போடுவது! தலைமையாசிரியரிடம் விடுப்பு பற்றி இரண்டு வார்த்தை பேசியதை, இரண்டு வார்த்தைதானே என்று பன்மையில் எழுதினால், அவரோடு தகராறு செய்ததாக நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். தமிழில் சண்டை வந்தால் வார்த்தை தடிக்கும். ஆங்கிலத்தில் வார்த்தை பெருகும்.

முன்னிடைச்சொல் விட்டுப்போனாலும் இதே ஆபத்துதான். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது ‘கிவ் வே டு’. யாருக்கு என்பதை ‘டு’ சொல்கிறது. நம் ‘கு’ உருபு போல.

ஆனால் ‘தி ரோட் கேவ் வே’ என்று செய்தித்தாளில் வந்தால், சாலை வழிவிட்டது என்று எண்ணிக் கிளம்பிவிடாதீர்கள். ‘கேவ்’ என்பது ‘கிவ்’ என்பதன் இறந்தகாலம். ஆனால் இங்கே அதன் பொருள், சாலை இடிந்து சரிந்தது என்பதாகும்! 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய பெருமழையால் பல இடங்களில் நிலச்சரிவு ஏற்பட்டு, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய நாளில் அந்த இரண்டு சொல்லைத் தவறாகப் படிப்பது வெறும் மதிப்பெண் பிரச்சினை அல்ல.

மலைக்கு ‘எஸ்’, இலைக்கு இல்லை

பல பொருள்கள் இருந்தாலே ‘எஸ்’ வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நீலகிரியில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை ‘பாட் லீஃப் பாக்டரி’ என்பார்கள். லாரி லாரியாக இலை வந்து குவிந்தாலும் அது ‘லீஃப்’ தான்.

ஆனால் செடியிலிருந்து கிள்ளுவது ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’. அதாவது இரண்டு இலையும் ஒரு மொட்டும். விரலால் கிள்ளும்போது இலையை எண்ணுகிறோம், ஆகவே பன்மை. தராசில் ஏறிய பிறகு எடை போடுகிறோம், அப்போது பன்மைக்கு வேலை இல்லை. நாம் ‘நீலகிரி’ என்று ஒருமையில் அழைக்கும் மாவட்டமோ ஆங்கிலத்தில் ‘தி நீல்கிரிஸ்’. அதைப் பல மலைகளின் கூட்டமாக அம்மொழி பார்க்கிறது.

தமிழ் இந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்ற இரண்டும் சரியே. இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். ‘கொழுந்து எடுத்தாள்’ என்றால் எத்தனை கொழுந்து என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நாம் ‘எஸ்’ சேர்க்க மறப்பது அறிவுக்குறைவால் அன்று. நம் தாய்மொழி அந்த இடத்தில் எண்ணச் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

நம் மொழியிலும் உண்டு

இத்தகைய நுட்பம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதா? ‘கை கொடுத்தான்’ என்றால் உதவினான். ‘கையைக் கொடுத்தான்’ என்றால் கையை நீட்டினான். ‘நண்பனைக் கைவிட்டான்’ என்பதற்கும் ‘நண்பனின் கையை விட்டான்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! நடுவே வந்தது ஓர் ‘ஐ’ உருபுதான். நாம் இதைச் சூத்திரமாகப் படிக்கவில்லை. முழு வாக்கியமாகக் கேட்டுக் கேட்டுப் பழகினோம்.

மொழி அறிஞர்களும் இப்படித்தான் கற்கிறார்கள். கனடாவில் பிறந்த எமனோ என்ற மொழியியலார் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியின் தோடா, கோத்தா மொழிகளை ஆராய்ந்தார். அவர் சொற்பட்டியலோடு நின்றுவிடவில்லை. மக்கள் சொன்ன கதைகளையும் பாடல்களையும் முழுமையாக எழுதிக்கொண்டார். சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வாழ்கிறது என்பது அங்கேதானே தெரியும்?

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு குறிப்பேடு வையுங்கள். ‘சேஞ்ச்’ என்றால் மாற்று, ‘டிரெயின்’ என்றால் ரயில் என்று தனித்தனியே எழுதாதீர்கள். ‘சேஞ்ச் டிரெயின்ஸ் அட்’ என்று அணியாகவே எழுதுங்கள். முதல் பக்கத்துக்கு ஒரு ஜோடி இதோ. ‘டேக் நோட்ஸ்’ என்றால் குறிப்பெடுப்பது. ‘டேக் நோட் ஆஃப்’ என்றால் கவனத்தில் கொள்வது. நாளை வகுப்பில் நீங்கள் செய்யப் போவது இவற்றில் எது? இரண்டையும் வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள்.