மர அகப்பையும் இடியப்ப உரலும்

வெட்டுண்ட பின்னரும் மரம் நீரைக் குடிக்கும் இயல்பை விடுவதில்லை. ஈரத்தில் அது வீங்குகிறது, உலரும்போது சுருங்குகிறது. உள்ளே ஈரம் நிற்க, மேற்புறம் மட்டும் விரைந்து உலருமாயின் வெடிப்புத் தோன்றுகிறது. ஆகவே, மர அகப்பையையும் மத்தையும் இடியப்ப உரலையும் நெடுநேரம் நீரில் ஊறவிடுதலும், பின்னர் அடுப்பருகே வைத்துக் காய்ச்சுதலும் தவறாகும்.

சமையல் முடிந்தவுடன் அவற்றை வெந்நீரிற் கழுவித் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்தி உலரவிடல் வேண்டும். உரலின் கண்களில் ஒட்டிய மாவை ஈர்க்கினால் அகற்றுதல் நன்று. எஞ்சிய மா புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். மீன்வாடை நீங்க, உப்பைத் தூவித் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக் கழுவலாம்.

ஆழமாக வெடித்த அகப்பையைத் தயங்காது நீக்கிவிடல் வேண்டும். வெடிப்பினுள் தங்கும் உணவில் கிருமிகள் பெருகும். பழகிய பொருளின்மீதுள்ள பற்றினும் வீட்டாரின் நலமே பெரிது.