பூனையும் நோயும்

அருவியாற்று நீரைத் தேக்கிக் கட்டுக்கரைக் குளம் வளம்படுத்தும் வயற்புறங்களில், அடுக்கிவைத்த நெல்லை எலியினின்றும் காப்பது பூனை. எனினும், வீட்டில் ஒருத்தி கருவுற்ற காலத்து, ‘பூனையை அகற்றுக’ என்னும் பேச்சு எழுவதுண்டு. அவ்வச்சம் தக்கதுதானா? பூனையின் நோய் மக்களையும், மக்களின் நோய் பூனையையும் பற்றுமா?

பற்றும். ஆயின், ஒவ்வொரு நோயும் தனக்குரிய வழியாலேயே பற்றும். அவ்வழியை அறிதலே காப்பின் முதற்படியாகும்.

கருவுற்றார்க்கு அச்சம் விளைப்பது 1908 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. கருக்காலத்தில் முதன்முறையாகத் தொற்றின், அது சிசுவின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். எலி முதலியவற்றைத் தின்று இதனைப் பெற்ற பூனை, சில வாரங்கள் வரையே இதன் வித்துறைகளை மலத்துடன் கழிக்கும். கழிந்த உறைகளும் ஒரு நாளேனும் சென்ற பின்னரே தொற்றும் ஆற்றலைப் பெறும். ஆதலின், மலத்தை நாடோறும் அகற்றுதல் வேண்டும்; அப்பணியைக் கருவுற்றவர் பிறரிடம் விடுதல் நன்று. நன்கு வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும், மண்ணளைந்த கையும் இந்நோய்க்கு வழியாதலின், பூனையைத் துரத்துவதால் மட்டும் தீங்கு நீங்காது.

விசர்நோயின் வழி வேறு. அது நோயுற்ற பூனையின் உமிழ்நீரில் உறைந்து, கடியாலும் கீறலாலும் புகும். குறி தோன்றியபின் உயிர்பிழைத்தல் மிக அரிது. ஆதலின், காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். பூனைக்கும் தடுப்பூசி இடுதல் கடன்.

யானைக்கால் நோயை விளைக்கும் புருகியா மலாயி என்னும் புழுவோ நுளம்பின் வழியே செல்வது. நீர்ப்பாசிகளிடையும் ஆகாயத்தாமரையின் வேர்களிடையும் வளரும் நுளம்புகள் இதனைப் பரப்புவன. 2016 ஆம் ஆண்டில், யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலென்னும் நிலையினின்றும் இலங்கையில் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஆயினும், இந்நாட்டு நாய்களின் இரத்தத்திலும் பூனைகளின் இரத்தத்திலும் புருகியா இனப் புழுக்கள் காணப்பட்டுள்ளன. மக்களுக்கு மட்டும் மருந்தளித்தல் ஏன் போதாதென்பது இதனால் விளங்கும்.

மக்களிடமிருந்து பூனைக்கும் நோய் செல்லும். கொரோனாத் தொற்று 2020 இல் சில நாடுகளில் வளர்ப்போரிடமிருந்து வீட்டுப் பூனைகளைப் பற்றிற்று. 2021 இல் தெகிவளை விலங்குக்காட்சிச்சாலையில் பூனைக் குடும்பத்ததாகிய சிங்கமொன்றினிடமும் காணப்பட்டது. நோயுற்றவர் பூனையைச் சிறிது விலக்கிவைத்தல் அதற்குச் செய்யும் நன்மையாம்.

பூனையைத் துரத்திய வீட்டில் எலி பெருகும். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் வயலிற் பணிசெய்வோர்க்கு எலிக்காய்ச்சலைத் தருவன. ஆதலின், பூனையை வைத்துக்கொண்டே நோய் புகும் வழிகளை அடைத்தல் அறிவுடைமையாகும்.