எந்திரம் தானாக நிற்பதில்லை

1999 நவம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் குடிநீர் வாரியமும் மின்சார, எரிவாயு நிறுவனமும் ஒரே சமயத்தில் திண்டாடின. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ் வழியாக அனுப்பிய கட்டளைகளுக்கு வால்வுகள் அசையவில்லை. ஆட்களை அனுப்பி, கையால் திறந்து மூட வேண்டியதாயிற்று. நாளொன்றுக்கு 82.5 கோடி காலன் தண்ணீர் பாயும் அமைப்பு அது. கொஞ்சம் அசந்திருந்தால் பெருங்குழாய் வெடித்து வெள்ளம் புகுந்திருக்கும். கடற்கரையிலிருந்து 25 மைல் தள்ளி ஒரு கப்பலில் இயங்கிய ராடார்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நெதர்லாந்தில் அதற்கும் முன்பே, 1980-களின் கடைசியில், இதைவிட மோசமான ஒன்று நடந்தது. டென் ஹெல்டர் கடற்படைத் துறைமுகத்திலிருந்து சுமார் ஒரு மைல் தொலைவில் எரிவாயுக் குழாயின் கட்டுப்பாட்டு அமைப்பு இருந்தது. கடற்படை ராடார் சுழலும் வேகத்துக்கு ஏற்ப, பெரிய வால்வு ஒன்று தானாகத் திறந்து திறந்து மூடியது. அதனால் எழுந்த அழுத்த அலைகள் குழாய் நெடுகப் பரவின. 36 அங்குல விட்டமுள்ள அந்தக் குழாய் கடைசியில் வெடித்தது.

இரண்டு இடத்திலும் கருவி பழுதாகவில்லை, யாரும் கைதவறவில்லை. வெளியிலிருந்து வந்த மின்காந்தக் குறுக்கீடு கருவியைக் குழப்பிவிட்டது.

ராடார் தேவையில்லை

சாதாரணத் தொழிற்கூடத்திலேயே இத்தகைய குறுக்கீட்டுக்கான மூலங்கள் நிறைய உண்டு. முதலாவது, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். அதன் உள்ளே மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி இணைக்கப்படுகிறது. ஒவ்வொரு வெட்டும் மோட்டார் கேபிளிலிருந்து இரைச்சலைப் பரப்புகிறது. அடுத்தது கான்டாக்டர், சோலனாய்டு காயில்கள். 24 வோல்ட் காயிலின் இணைப்பு அறுபடும் கணத்தில் பல நூறு வோல்ட் துள்ளல் எழக்கூடும். வெல்டிங் மெஷின், பேனல் கதவு திறந்திருக்கையில் பக்கத்தில் பயன்படுத்தும் வாக்கி டாக்கி, மின்னல், பிளாஸ்டிக் ரோலில் சேரும் நிலைமின்சாரம் ஆகியவையும் இதே வரிசையில் வரும்.

பாதிக்கப்படுவது பெரும்பாலும் மெல்லிய சிக்னல். உலையின் வெப்பத்தை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான். அதில் ஒரே ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் கலந்தாலே அளவு 24 டிகிரி தவறிவிடும். எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி. அந்தப் பொய்யை மெய்யென்று நம்பி ஹீட்டரை நிறுத்தும், அல்லது நிறுத்த வேண்டிய நேரத்தில் ஓடவிடும். சென்சார் உள்ளீட்டில் புகும் போலித் துடிப்பு, நிற்க வேண்டிய எந்திரத்தை அசைத்தும் விடலாம். அந்த நேரத்தில் அச்சுக்குள் கை வைத்திருப்பவரின் விரல்கள் என்னவாகும்?

செய்ய வேண்டியதும் கூடாததும்

பவர் கேபிளையும் சிக்னல் கேபிளையும் ஒரே டிரேயில் போடக்கூடாது. குறுக்கே போயே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போவது ஷீல்டு கேபிளாக இருக்க வேண்டும். அந்த ஷீல்டை நீண்ட வாலாக முறுக்கிக் கட்டாமல், இரு முனையிலும் சுற்றளவு முழுக்க உலோகத்தைத் தொடும்படி கிளாம்ப் போட வேண்டும். வோல்ட் துள்ளலை அடக்க டி.சி. காயிலுக்கு டயோடு, ஏ.சி. காயிலுக்கு ஆர்.சி. ஸ்னப்பர் போடச் செலவு மிகக் குறைவு. நீண்ட தூரத் தகவல் இணைப்புக்கு ஃபைபர் கேபிள் போட்டால் அந்த வழியில் இரைச்சல் ஏறவே முடியாது.

சில இடங்களில் "நாய்ஸ் வருது" என்று மெஷினின் எர்த் ஒயரையே கழற்றிவிடுகிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது. டிஸ்பிளேயில் எண் நிலையாகத் தெரியலாம். ஆனால் உள்ளே இன்சுலேஷன் போனால் மெஷினைத் தொடுகிறவர் உயிர் போகும். எமர்ஜென்சி ஸ்டாப்பும் சாதாரண பி.எல்.சி. புரோகிராமை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. பாதுகாப்புக்கென்றே அமைந்த தனிச் சுற்று வேண்டும்.

கேட்கும் உரிமை

தானாக நின்ற, தானாக ஓடிய எந்திரத்துக்கு ஆபரேட்டர் மீது பழி போட்டு மெமோ கொடுப்பது அநியாயம். போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான தொழில்களில் உடனடி ஆபத்து இருந்தால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது அது. 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 14-ஆவது பிரிவு அந்த உரிமையை, அதற்கு உட்பட்ட எல்லா நிறுவன ஊழியர்களுக்கும் விரிக்கிறது. பாதுகாப்பு விவரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம். உயிராபத்து நெருங்குவதாகத் தோன்றினால் நிர்வாகத்துக்கும் அரசின் ஆய்வாளருக்கும் ஒருசேரத் தெரிவிக்கலாம். ஆபத்து இருப்பதை ஏற்கும் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். ஏற்காவிட்டால் ஆய்வாளரின் முடிவுக்கு விட வேண்டும்.

எந்திரம் வாங்குகிறவருக்கும் கேட்க உரிமை உண்டு. தொழிற்சாலைச் சூழலில் குறுக்கீட்டைத் தாங்கும் திறனுக்கு ஐ.ஈ.சி. 61000-6-2, டிரைவுகளுக்கு ஐ.ஈ.சி. 61800-3 என்று பன்னாட்டுத் தரங்கள் இருக்கின்றன. இவற்றின்படி சோதித்த அறிக்கையைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்கென்றே எந்திரம் வாங்கியவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ரிமோட் சிக்னலை வெளி அலைவரிசை கெடுப்பதாகச் சந்தேகம் வந்தால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் செய்யலாம்.

இந்த உரிமைகளைக் கேட்கும்போது வாதம் நிற்பதற்குச் சான்று வேண்டும். டிரிப் ஆனதும் ரீசெட் அழுத்திவிட்டுப் போய்விட்டால் சான்று அங்கேயே அழிந்துவிடும். எந்த நேரம், எந்த சென்சார், அப்போது பக்கத்தில் எந்த மோட்டார் ஸ்டார்ட் ஆனது, வெல்டிங் நடந்ததா, இடி இடித்ததா என்று ஷிப்டு நோட்டில் ஒவ்வொரு முறையும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அந்தப் பக்கங்களின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.