அயலூரில் ஒரு வேளைச் சோறு

உத்தியோகத்தை முன்னிட்டு அயல் மாநிலத்திற்குச் செல்லும் ஒருவர், வாடகை அறையில் பெட்டியை இறக்கி வைத்தவுடன் கேட்கும் முதற் கேள்வி, இரவுச் சாப்பாடு எங்கே என்பதுதான். முதல் நாள் எங்கேனும் உண்டுவிட்டுப் படுத்துவிடலாம். முப்பது நாளும் மூன்று வேளையும் வெளியிலேயே உண்ண வேண்டியவருக்கு அது அத்தனை சுலபமான காரியமன்று. சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு அதற்கே போகிறது. உடல்நலமும் அதனையே பொறுத்திருக்கிறது.

பெங்களூரில் லிங்கராஜபுரத்திற்கு நான் குடிவந்த மூன்றாம் மாதம் எனக்கு மஞ்சட்காமாலை கண்டது. காய்ச்சல் தொடங்குவதற்கு முந்திய இரவு ஒரு கடையில் பரோட்டா உண்டிருந்தேன். வைத்தியரிடம் அந்தக் கடையை வாயாரத் திட்டினேன். அவர் சிரித்தார். "நேற்றையதை விடுங்கள், ஒரு மாதத்திற்கு முன் எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்டார். அசுத்த நீராலும் உணவாலும் பரவும் காமாலைக் கிருமி உடலினுட் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் வரை ஆகுமாம். சராசரியாக நான்கு வாரம். டைபாயிடு காய்ச்சலும் மறுநாளே வருவதன்று. ஆகவே, நான் பழி சுமத்திய பரோட்டாக் கடைக்காரர் பெரும்பாலும் நிரபராதி. குற்றவாளி யாரென்பதை நான் இன்றுவரை அறியேன். நாக்கும் வயிறும் உடனே கூறும் சாட்சியத்தை மட்டும் நம்பி ஒரு ஹோட்டலை நல்லதென்றோ கெட்டதென்றோ தீர்மானிக்க இயலாது என்பது அன்று எனக்கு விளங்கிற்று. கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, யாரைக் கேட்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இடத்தைப் பற்றி முதலில் சிறிது கூற வேண்டும். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக் கண்டோன்மென்ட்டை அமைத்தனர். படையைத் தொடர்ந்து தமிழ் நாட்டு வணிகரும் கட்டட வேலைக்காரரும் சமையற்காரரும் வந்து குடியேறினர். பழைய பேட்டையும் கண்டோன்மென்ட்டும் 1949-இல் ஒரே மாநகராட்சியாகும் வரை தனித்தனி நிர்வாகத்தில் இருந்தன. இதன் அடையாளம் இன்றும் இலையில் தெரிகிறது. பேட்டைப் பக்கமும் அதன் தெற்கே பஸவனகுடியும் உடுப்பிச் சமையலின் வீடு. கண்டோன்மென்ட் பக்கம் தமிழர் சாப்பாடும் முஸ்லிம்களின் பிரியாணியும் ஆங்கிலோ இந்தியர் விரும்பிய ரொட்டிக் கிடங்குகளும் பெருகின. கண்டோன்மென்ட்டின் விளிம்பிலே, குக் டவுனுக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டி இருப்பது லிங்கராஜபுரம். ஆதலால் இங்குள்ளவர் எத்திசையில் அரை மணி நேரம் நடந்தாலும் வேறு வேறு சமையலைச் சந்திப்பார்.

தமிழர்களாகிய நாம் இங்கு முதலில் முறையிடுவது சாம்பாரைக் குறித்து. "வெல்லம் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்போம். கெடுக்கவில்லை, அது உடுப்பி முறை. தென் கன்னடக் கடற்கரையிலிருந்து வந்தோர் பம்பாய் மாதுங்கா வரை சென்று ஹோட்டல் வைத்தபோது அந்தச் சுவையையும் உடன் எடுத்துச் சென்றனர். நம் வீட்டுச் சாம்பாரையே தேடித் தேடி அலைபவர், பெரும்பாலும் "தமிழ்நாட்டுச் சாப்பாடு" என்று பலகை தொங்கவிட்ட ஏதோ ஓரிடத்தில் பழைய எண்ணெயையும் ஆறிய சோற்றையும் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார். பலகையைப் பார்த்துச் சுவையை நம்புவது ஆபத்து. நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான்.

பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது, சரக்கு எவ்வளவு விரைவில் தீர்கிறது என்பது. சமைத்த சோறு வெளிவெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தால், அரிசியிலேயே இயல்பாக உறங்கும் ஒருவகை நுண்ணுயிர் விழித்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம். நஞ்சின் ஒரு வகை சாவதில்லை. காலையில் கிளறிய எலுமிச்சைச் சோற்றை மாலை ஐந்து மணிக்கு வாணலியில் புரட்டித் தருபவரிடம் ஆவி பறப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. சூடான உணவு 60 பாகைக்கு மேலான சூட்டிலேயே இருந்துகொண்டிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆவியில் வெந்து தட்டுக்கு நேரே வரும் இட்லி இவ்வகையில் பத்திரமானது. அதன் பக்கத்திலுள்ள தேங்காய்ச் சட்டினிதான் முதலிற் கெடும். பத்து மணிக்கு மேல் சட்டினி நீர்த்துக்கொண்டே போகும் கடையில் நான் பொடி கேட்டு வாங்கிக்கொள்வேன். இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரிக்கும் வழக்கத்திற்கு 2025-இல் கர்நாடகச் சுகாதாரத் துறை தடை அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில், மாலைக் கடைகளின் செல்லப் பிள்ளையான கோபி மஞ்சூரியனில் செயற்கைச் சாயம் கலப்பதையும் தடுத்தது. தடைகள் உத்தரவில் இருக்கின்றன. தட்டில் இருக்கின்றனவா என்பதை நாம்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

சமையலறையை எட்டிப் பார்க்க இடங்கொடுப்பதே ஒரு நல்ல ஹோட்டலின் இலக்கணம் என்று கருதுகிறேன். லால்பாக் சாலையிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ், சுருக்கமாக எம்.டி.ஆர்., 1924-இல் மையா சகோதரர்களால் தொடங்கப்பெற்றது. அவர்களுள் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவு விடுதிகளின் நடைமுறையைக் கண்டு வந்து, பாத்திரங்களை நீராவியால் சுத்திகரிக்கும் முறையைத் தம் கடையில் புகுத்தினார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அரிசி அருகியபோது ரவையைக் கொண்டு இட்லி செய்தவர்கள் தாங்களே என்பது அக்கடையாரின் கூற்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1975-இல் நிகழ்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் உணவுப் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டுமெனக் கட்டுப்பாடு வந்தது. அவ்விலையில் பழைய தரத்தைக் காப்பது கடினமாகிவிடவே, அவர்கள் உடனடிச் சமையலுக்கான பொடி, மாவு வியாபாரத்தில் இறங்கினர். நெய்க்கும் உளுந்துக்கும் ஆகும் விலை சந்தையில் எல்லோருக்கும் ஒன்றே. ஒரு கடை மட்டும் அண்டை அயலைவிடப் பாதி விலைக்குக் கொடுக்கிறதென்றால், குறைந்த பாதி எங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்கிறது. அரசே இட்டு நிரப்பினாலன்றி இது தப்பாது. 2017 ஆகஸ்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்ற இந்திரா கேன்டீன்களில் காலைச் சிற்றுண்டிக்கு ஐந்து ரூபாயும் சாப்பாட்டிற்குப் பத்து ரூபாயும் விலை வைத்தார்கள் என்றால், மீதிச் செலவை அரசு ஏற்றது.

சிக்கனமும் சுத்தமும் சேர்ந்து வருவதற்குப் பெங்களூர் கண்ட வேறொரு வழி, நின்றுகொண்டே உண்ணும் தர்ஷினிகள். 1983-இல் ஜெயநகரில் தொடங்கிய கபே தர்ஷினி இவ்வகைக்கு வழிகாட்டி. மேசை நாற்காலியில்லை, பரிமாறுபவரில்லை, அடுப்பு நம் கண்ணெதிரே. உட்கார இடமில்லாததால் கூட்டம் தேங்குவதில்லை. கூட்டம் தேங்காததால் பண்டமும் தேங்குவதில்லை. புதிய தர்ஷினி ஒன்றைச் சோதிக்க விரும்புவோர் இந்நகரத்தார் வழக்கப்படி "பை டூ காபி" கேட்கலாம். ஒரு காபியை இரண்டு தம்ளர்களில் பகிர்ந்து தருவார்கள். உடன் ஒரு நண்பர் வேண்டும், அவ்வளவே. தம்ளரின் விளிம்பு, பாலின் மணம், மேடையைத் துடைக்கும் துணி ஆகிய மூன்றையும் பார்த்த பின் இட்லிக்குப் போகலாம். இட்லி தேறினால் சாப்பாட்டிற்கு.

பண்டங்களின் பட்டியல் நீளமாயிருப்பதை நான் சந்தேகிக்கிறேன். காந்தி பஜாரில் 1943-இல் மாணவர்களுக்காக ஏற்பட்டுப் பெயரையும் அவர்களிடமே பெற்ற வித்யார்த்தி பவனில் அன்று முதல் தோசைக்கே முதலிடம். வெள்ளிக்கிழமை கடையையே மூடிவிடுகிறார்கள். நம் பக்கத்தில், பிரேசர் டவுன் மசூதிச் சாலையில் 1902-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ஆல்பர்ட் பேக்கரி பிற்பகலில்தான் கதவைத் திறக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பண்டமும் ஒரு நேரமும் உண்டு. அந்நேரத்தில் அப்பண்டத்தை உண்ணாமல், இரவு பத்து மணிக்குச் சென்று காலைத் தோசையைக் கேட்பவர் அக்கடையைக் குறைகூற உரிமையற்றவர்.

இனி, யாரைக் கேட்பது? ஆட்டோ ஓட்டுநர் உண்ணும் இடமே நல்ல இடமென்று ஒரு வழக்கு உண்டு. எனக்கு அதில் பூரண உடன்பாடில்லை. வண்டி நிறுத்த வசதி, விலை, விரைவு ஆகியவற்றையும் அவர் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கவனிப்பது, காலை ஏழு மணிக்குத் தூக்குப் பாத்திரத்துடன் வரும் பாட்டிகளை. பேரப்பிள்ளைக்கு வாங்கும் கிழவி கண்டபடி வாங்கமாட்டாள். கடை கெட்டால் மறுவாரமே வேறு கடைக்குப் போவாள். தெருமுனைப் பூக்காரரையும் தையற்காரரையும் அணுகி, "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்காமல், "உங்கள் வீட்டில் இன்று சமையல் இல்லையென்றால் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், விடை வேறாக வரும். கைபேசியில் நட்சத்திரம் இட்டிருப்போர் பலர் ஒருமுறை வந்து போனவர்கள். கன்னடத்தில் கேட்பதானால் இரண்டு சொற்களை வேறுபடுத்துவது நலம்: "திண்டி" என்றால் சிற்றுண்டி, "ஊட்ட" என்றால் சாப்பாடு. இதனை அறியாது திண்டிக் கடையில் நண்பகற் சோற்றுக்காக நெடுநேரம் காத்திருந்த தமிழர் ஒருவரை நான் அறிவேன். அவர் இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னைத் திகைக்கச் செய்த சொல் ஒன்று, "மிலிட்டரி ஹோட்டல்." படைக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை, புலால் உணவு கிடைக்குமிடம் என்பதே பொருள். நம் தமிழ் நகரங்களிலும் ஒரு காலத்தில் இச்சொல் வழங்கிற்று. பெங்களூரின் பழைய கடைகள் அதனை இன்னும் சுமந்து நிற்கின்றன. இங்கு "ராகி முத்தே" என்று உருட்டித் தருவது வேறொன்றுமன்று, தர்மபுரி, சேலத்தார் அறிந்த கேழ்வரகுக் களியே. மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்.

எவ்விடத்திலும் எவரும் நுழைந்து அமரலாம் என்னும் நிலை பழைய காலத்ததன்று. இன்ன சாதியாருக்கு மட்டுமே என்று உணவு விடுதிகள் பலகை மாட்டிய நாட்களை நம் பாட்டனார் அறிவர். பொது உணவு விடுதிகளில் சாதி, மதம், பிறந்த இடம் முதலியவற்றைக் காரணங்காட்டிக் குடிமகன் எவரையும் தடுக்கலாகாது என்று, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் ஷரத்து கூறுகிறது. "பிறந்த இடம்" என்ற அச்சொற்கள் அயலூரில் வாழும் நம்மையும் குறிப்பன. கல்லாவின் அருகே தொங்க வேண்டிய உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்றையும், அதிலுள்ள பதினான்கு இலக்க எண்ணையும் பார்ப்பதற்கும் நாம் கூச வேண்டியதில்லை.

காமாலை தெளிந்தபின் ஆறு வாரம் இட்லியும் மோருமாகக் கழித்தேன். வெந்நீர் கேட்டால் முகஞ்சுளிக்காமல் தந்த கடை அவ்வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. சாம்பார் தித்திப்பாகத்தான் இருக்கும். இப்போதும் காலையில் அங்கேதான் போகிறேன்.