ஏர்கோன் பில்லைக் கூட்டும் ஜன்னல்கள்

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசும்போதே ஜன்னல், கதவுகளையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மழைச் சாரல் எந்த இடுக்கில் புகுகிறதோ, அதே இடுக்கில்தான் ஏர்கோனின் குளிர்ச்சியும் வெளியேறுகிறது.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண முறை நடப்பில் உள்ளது. மாதம் 600 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் இல்லை. எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் கட்டணமும் இல்லை. தாண்டினால் இரண்டும் சேரும், கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் உண்டு. இரண்டு அறைகளில் இரவு முழுவதும் ஏர்கோன் ஓடும் குடும்பத்துக்கு 600 என்பது எட்டாத தூரமல்ல.

குளிர் நாடுகளில் ஈரடுக்குக் கண்ணாடி ஜன்னலைப் பெரிதாகப் பேசுவார்கள். அங்கே வீட்டுக்குள் 20 பாகை, வெளியே பூஜ்யத்துக்கும் கீழே. நம் ஜொகூரிலோ உச்சி வெயிலில் வெளியே 33, ஏர்கோன் அறையில் 24 என்றால் வித்தியாசம் 9 பாகைதான். நமக்குத் தொல்லை கண்ணாடி வழியாக நேராக உள்ளே விழும் வெயில். ஆகவே ஈரடுக்குக் கண்ணாடிக்குச் செலவழிப்பதைவிட, வெயிலைத் தடுக்கச் செலவழிப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

அதையும் வெளியிலேயே தடுக்க வேண்டும். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் உள்ளே இருக்கும் திரைச்சீலையைச் சூடாக்கும். அந்தச் சூடு பிறகு அறைக்குள்தானே இருக்கும்? ஜன்னலுக்கு மேல் ஒரு கூரை நீட்டல், வெளிப்புற மூங்கில் தட்டி, ஒரு செடிப்பந்தல், இவை தடித்த திரைச்சீலையைவிட அதிகம் உதவும். வாடகை வீட்டில் இதெல்லாம் முடியாது என்பவர்கள், வெப்பத்தைத் தடுக்கும் ஒட்டுத்தாளைக் கண்ணாடியில் ஒட்டலாம்.

எந்த ஜன்னலில் தொடங்குவது? ஜொகூர்பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.5 பாகை வடக்கில் உள்ளது. ஆண்டு முழுவதும் காலை வெயில் கிழக்கிலும் மாலை வெயில் மேற்கிலும் தாழ்வாக அடிக்கும். மேற்கு ஜன்னலுக்கே முதலிடம் கொடுங்கள். மாலையில் சூடேறிய அறையில்தான் இரவில் படுக்கிறோம். தெற்கு ஜன்னலில் டிசம்பரையொட்டிய மாதங்களிலும், வடக்கு ஜன்னலில் ஜூனையொட்டியும் வெயில் படும்.

அடுத்தது இடுக்குகள். பழைய தாமான் வீடுகளில் இன்னும் நாக்கோ ஜன்னல்கள் உண்டு. காற்றோட்டத்துக்கு அவை அருமை, ஏர்கோன் அறைக்கு எதிரி. கண்ணாடிப் பலகைகள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. உள்ளே வருவது வெறும் சூடு மட்டுமல்ல, ஈரமும்கூட. அந்த ஈரத்தை நீராக்கி வெளியேற்றவே ஏர்கோன் மின்சாரத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. படுக்கையறையில் மட்டுமாவது இறுக மூடும் ஜன்னலுக்கு மாறலாம். கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை, இழுவைக் கதவின் ஓரத் தூரிகைப் பட்டை ஆகியவை ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கும். சட்டத்தைச் சுற்றியுள்ள வெடிப்பைச் சிலிக்கோன் பசையால் அடைக்கலாம்.

எல்லாவற்றையும் அடைத்துவிடவும் கூடாது. 1984ஆம் ஆண்டு சீரான கட்டட துணைச்சட்டங்களின்படி, வசிக்கும் அறையில் தரைப்பரப்பின் 10 விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னலும், 5 விழுக்காடு காற்று வரக்கூடிய திறப்பும் இருக்க வேண்டும். வரிசை வீடுகளில் பின்புறச் சமையலறையை நீட்டும்போது பலர் பின் ஜன்னல்களைச் சுவராக்கிவிடுகிறார்கள். முன்னால் நுழையும் காற்றுக்குப் பிறகு வெளியேற வழியில்லை. மாலையில் ஜன்னலைத் திறந்தால் போதும் என்றிருந்த வீட்டுக்கும் ஏர்கோன் தேவைப்படுகிறது. நீட்டுவதற்கு மாநகர் மன்றத்தில் வரைபடம் கொடுக்கும்போதே பின்பக்கத் திறப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இறுக மூடும் ஜன்னலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2013 ஜூனில் புகைமூட்டம் மோசமாகி மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. அத்தகைய நாள்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் முதியவருக்கும் இடுக்கில்லாத ஓர் அறையாவது வேண்டும். வழக்கமான சுவர் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக் காற்றையே சுழற்றுகிறது. அதனால் மூடிய அறையில் சாம்பிராணியும் கரி நெருப்பும் வேண்டாம். வானம் தெளிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.