விழுந்தவர் எந்த அணி?

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் உள்ள பார்க்கன் ஸ்டேடியம். யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடிய இரண்டொரு நிமிடமே பாக்கி. த்ரோ-இன்னில் வந்த பந்தை வாங்க ஓடிய டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் தள்ளாடி, கையைக்கூட ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தார். யாரும் இடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. பந்து அவர் காலில் பட்டு எங்கோ உருண்டது.

வீரர்கள் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள் கால்பந்து ரசிகர்கள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை புரள்வதும், நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்ததும் எழுந்து ஓடுவதும் அவர்களுக்குப் புதிதல்ல. எதிரணிக்காரர் அப்படி விழுந்தால் கூச்சல் போடுவார்கள், சொந்த அணிக்காரர் விழுந்தால் நடுவரைத் திட்டுவார்கள். ஆனால் அன்று யாரும் கூச்சல் போடவில்லை. காரணம் எளியது. ஃபவுல் கேட்க வழியே இல்லாத இடத்தில் நடிப்பவர் எவரும் இல்லை. அதோடு, நடிப்பவர் விழும்போது கை தானாகவே முன்னால் போகும். எரிக்சனின் கை போகவில்லை.

விளையாட்டு மருத்துவர்களின் விதியும் இதையேதான் சொல்கிறது. யாரும் தொடாமல் ஒரு வீரர் சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். நாடியைத் தேடி நேரத்தை விடக் கூடாது. கை கால் சற்று உதறினால் வலிப்பு என்று எண்ணி ஒதுங்கவும் கூடாது, மூளைக்கு இரத்தம் போவது நிற்கும்போது அப்படி உதறும். வாய் திறந்து மூச்சுக்குத் திணறுவது போன்ற அசைவு தெரிந்தால் ‘மூச்சு இருக்கிறது’ என்று ஆறுதல் அடையவும் கூடாது. அது மூச்சல்ல, மூளைத்தண்டின் கடைசி அனிச்சை. எரிக்சனை முதலில் பார்த்தபோது மூச்சும் நாடியும் இருந்தன, சற்று நேரத்தில் நிலைமை மாறியது என்று டென்மார்க் அணியின் மருத்துவர் மோர்டன் போசன் பிறகு விளக்கினார். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள்.

இப்படி இதயம் நிற்பதை மாரடைப்போடு குழப்பிக்கொள்கிறோம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. களத்தில் திடீரென்று விழும் இளைஞருக்குப் பெரும்பாலும் நேர்வது மின்கோளாறு. இதயத்தின் கீழறைகளில் ஒவ்வொரு தசை நாரும் தன் போக்கில் துடிக்கத் தொடங்குகிறது. மொத்த இதயமும் நடுங்குகிறதே தவிர, இரத்தத்தைத் தள்ளுவதில்லை. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று அதற்குப் பெயர். நெஞ்சை அழுத்துவது இந்தக் கோளாறைச் சரிசெய்யாது. மூளைக்குக் கொஞ்சம் இரத்தம் போகும்படி பார்த்துக்கொண்டு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். சரிசெய்வது டிஃபிப்ரிலேட்டரின் வேலை. அந்த மின்னதிர்ச்சி இதயத்தை ‘ஓட வைக்கிறது’ என்று சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. உண்மையில் அது நிறுத்துகிறது. சந்தைக்கடையாய்க் கிடக்கும் வகுப்பறையில் ஆசிரியர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாரும் கப்சிப் ஆவார்கள் அல்லவா? பிறகு லீடர் எழுந்து முதல் வரியைச் சொல்ல வகுப்பு பின்பாட்டுப் பாடும். இதயத்தின் லீடர் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு. அதன் குரல் கேட்க மற்றவர்கள் ஒரு கணம் வாயை மூட வேண்டும்.

எரிக்சனுக்கு ஒரே ஒரு மின்னதிர்ச்சி போதுமானதாக இருந்தது. அரை நிமிடத்தில் கண் திறந்தார். ‘திரும்பி வந்துவிட்டீர்களா?’ என்று கேட்டபோது, வந்துவிட்டேன் என்று சொல்லி, ‘எனக்கு 29 வயதுதானே’ என்று நொந்துகொண்டாராம். களத்தில் இருந்த ஜெர்மன் மருத்துவர் யென்ஸ் கிளைன்ஃபெல்ட் பின்னர் சொன்ன தகவல் இது.

அழுத்துதலும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. பத்து நிமிடம் போனால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். 2003 ஜூன் 26 அன்று லியோன் நகரில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியின் 72ஆம் நிமிடத்தில் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோய் நடுவட்டத்தில் விழுந்தபோதும் பக்கத்தில் யாரும் இல்லை. வெளியே தூக்கிச் சென்று முக்கால் மணி நேரம் போராடியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவரது இதயத் தசை பரம்பரைக் கோளாறால் தடித்திருந்தது பிறகு தெரிய வந்தது. நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோலடித்த அதே வேகத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், எழவே இல்லை. களத்தில் போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று அப்போதே எல்லாரும் கொதித்தார்கள்.

ஃபோய்க்கும் எரிக்சனுக்கும் இடையிலான 18 ஆண்டுகளில் மருத்துவ அறிவு பெரிதாக மாறிவிடவில்லை. நெஞ்சை அழுத்தவும் மின்னதிர்ச்சி தரவும் 2003லும் தெரியும். மாறியது, பெட்டி எங்கே இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவார் என்பது. இன்று பெரிய ஆட்டங்களில் களத்தின் ஓரத்திலேயே டிஃபிப்ரிலேட்டர் இருக்கும். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். ஆட்டங்களில் தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரு அணி மருத்துவர்களும் நடுவர்களும் கூடிப் பேசுகிறார்கள். ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும், எந்த மருத்துவமனைக்குப் போகும், மூச்சுக்குழாய் பொருத்துபவர் யார் என்பதெல்லாம் யாரும் விழுவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

ஆனால் விழுந்தவருக்கு முதலில் கிடைப்பது மருத்துவர் அல்ல, சக வீரர்கள். அவர்களிடம் ஒரு பழைய தவறான நம்பிக்கை விடாப்பிடியாக இருக்கிறது: மயங்கியவர் நாக்கை விழுங்கிவிடுவார் என்பது. 2017 மார்ச்சில் அட்லெடிகோ மாட்ரிட்டின் ஃபெர்னாண்டோ டோரஸ் தலையில் அடிபட்டு விழுந்தபோது தோழர்கள் ஓடிவந்து அவர் வாய்க்குள் விரலை விட்டார்கள். நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் நாக்கை யாராலும் விழுங்க முடியாது. மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம், தாடையை முன்னோக்கி உயர்த்தினால் அது விலகிவிடும். வாய்க்குள் விரல் விட்டால் கடிபடுவது ஒரு பக்கம், நெஞ்சை அழுத்த வேண்டிய நேரம் வீணாவது இன்னொரு பக்கம். தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரைப் புரட்டுவது அதைவிட ஆபத்து, முறிந்த எலும்பு தண்டுவடத்தை அறுத்துவிடலாம்.

இனி ரசிகர்கள். பார்க்கனில் எரிக்சனைச் சுற்றி டென்மார்க் வீரர்கள் வெளிப்பக்கம் பார்த்து நின்று வளையம் கட்டினார்கள், கேமராக்களுக்கு அவரைக் காட்டாமல் இருக்க. பின்லாந்து ரசிகர்கள் தங்கள் தேசியக் கொடிகளைக் கீழே வீசினார்கள், எரிக்சனை மறைத்துக்கொண்டு செல்ல அவை உதவின. சற்று நேரத்தில் பின்லாந்துப் பகுதியிலிருந்து ‘கிறிஸ்டியன்’ என்ற முழக்கம் எழ, டென்மார்க் பகுதி ‘எரிக்சன்’ என்று முடித்தது. 2012 மார்ச்சில் லண்டனின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் போல்டன் வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தபோதும் இரு அணி ரசிகர்களும் அவர் பெயரையே முழங்கினார்கள். அங்கே எதிரணியான டாட்டன்ஹாமின் ரசிகராக ஆட்டம் பார்க்க வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர், இருக்கையை விட்டு இறங்கி, பாதுகாவலர்களிடம் பேசிக் களத்துக்குள் போய் உதவினார். முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் நின்றிருந்தது. அவர் பிழைத்தார்.

இதைப் படித்து ‘மனிதம் வென்றது’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ரசிகர்கள் வேறு விதமாகவும் நடந்திருக்கிறார்கள். 1999 அக்டோபரில் பிலடெல்பியாவில் நடந்த என்.எஃப்.எல். ஆட்டத்தில், டல்லாஸ் அணியின் மைக்கேல் இர்வின் கழுத்தில் அடிபட்டு அசையாமல் கிடந்தார். உள்ளூர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கைதட்டி ஆரவாரித்தார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தபோது இன்னும் உரக்க. இர்வின் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. பிலடெல்பியாக்காரர்கள் ஈவிரக்கமற்றவர்கள், பின்லாந்துக்காரர்கள் தங்கமானவர்கள் என்று இதை முடித்துவிட முடியாது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்க் லெவைனும் சகாக்களும் செய்து 2005இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில் உதவுகிறது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான மாணவர்களை அழைத்து, தங்கள் அணி மீதுள்ள பற்றைப் பற்றிக் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். பிறகு வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து சறுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார், அவர் நடிகர். சில முறை யுனைடெட் சட்டை, சில முறை பரம எதிரியான லிவர்பூல் சட்டை, சில முறை வெறும் சட்டை. யுனைடெட் சட்டைக்காரருக்கு ஏறக்குறைய எல்லாரும் உதவினார்கள். லிவர்பூல் சட்டைக்கும் வெறும் சட்டைக்கும் மூன்றில் ஒருவர்தான் நின்று உதவினார்.

இரண்டாம் சோதனையில் கேள்வியை மட்டும் மாற்றினார்கள். ‘யுனைடெட் ரசிகர்’ என்பதற்குப் பதிலாக ‘கால்பந்து ரசிகர்’ என்ற முறையில் எழுதச் சொன்னார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் பெரும்பாலோர் உதவினார்கள். வெறும் சட்டைக்காரரை மட்டும் முன்போலவே கடந்து போனார்கள்! சில பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான், அதை மறக்க வேண்டியதில்லை. என்றாலும், உதவுவதும் உதவாததும் இதயத்தின் ஈரத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, ‘நம்மாள்’ என்ற கோட்டை அந்த நொடியில் எங்கே போட்டிருக்கிறோம் என்பதையும் பொறுத்தது என்பது தெளிவு. அந்தக் கோடு சில நிமிடங்களில் இடம் மாறக்கூடியது. எரிக்சன் கிடந்த இடத்தில் வளையம் எழுந்ததும், மருத்துவர்கள் மண்டியிட்டு அழுத்தியதும், டென்மார்க் வீரர்கள் அழுததும் அரங்கத்தின் கண்முன்னே நடந்தன. ‘இது ஆட்டத்துக்கு அப்பாற்பட்டது’ என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் வர வேண்டிய தேவையே இருக்கவில்லை. இர்வின் விஷயத்தில் அப்படி ஒரு சமிக்ஞை இல்லை. மோதலில் விழுந்தார், கிடந்தார், தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. ரசிகர்களுக்கு அது எதிரணி நட்சத்திரம் வெளியேறும் காட்சியாகவே இருந்தது. நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, எப்படி நடந்தது என்று பார்க்கிறேன்.

கூட்டத்தால் பார்க்கவே முடியாத காயமும் உண்டு. 2014 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் தலை மோதி விழுந்து, எழுந்து, தொடர்ந்து ஆடினார். சற்று நேரத்தில் நடுவர் நிகோலா ரிட்சோலியிடம் போய், ‘இது இறுதியாட்டமா?’ என்று கேட்டார். நடுவர் ஜெர்மன் வீரர்களிடம் விஷயத்தைச் சொன்னார், பிறகுதான் கிராமர் வெளியே போனார். மூளை அதிர்ச்சியில் இரத்தம் வழியாது, கை கால் முறியாது. அடிபட்ட மூளை அடுத்த அடியைத் தாங்கும் நிலையில் இல்லை என்பது மட்டும் உண்மை. இந்த வகைக் காயத்தில் ரசிகர்களின் கைதட்டல் தவறான பக்கம் நிற்கிறது: எழுந்து ஆடுபவரை வீரர் என்கிறோம், கையைக் காட்டி வெளியே போகிறவரைப் பற்றி முணுமுணுக்கிறோம். மூளை அதிர்ச்சிக்கென்று தனியாக ஒரு மாற்று வீரரை இறக்கும் முறையை 2021 முதல் சோதித்து, 2024இல் கால்பந்து விதிகளில் சேர்த்தார்கள். மாற்றினால் அணிக்கு நஷ்டம் என்ற கணக்கு இருக்கும்வரை எந்த மருத்துவரும் தயங்குவார் என்பதை விதி எழுதுபவர்கள் புரிந்துகொள்ள இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

விழுந்தவர் மருத்துவமனைக்குப் போன பிறகு மீதி ஆட்டம் என்னாவது? பார்க்கனில் அன்றிரவே ஆட்டம் தொடர்ந்தது. அன்றே, அல்லது மறுநாள் நண்பகலில் என்று இரண்டு வாய்ப்புகளே முன்வைக்கப்பட்டன. எரிக்சன் நலமாக இருக்கிறார் என்ற செய்தி வந்த பின்பு வீரர்கள் முதலாவதைத் தேர்ந்தார்கள். டென்மார்க் வீரர்கள் களத்துக்குத் திரும்பியபோது பின்லாந்து வீரர்கள் கைதட்டினார்கள். அந்த அணியின் யோயல் போயன்பாலோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், கொண்டாடவில்லை. பின்லாந்து 1–0 என்று வென்றது. ஆடியது தவறு என்று டென்மார்க் பயிற்சியாளர் காஸ்பர் ஹியூல்மண்ட் பிறகு சொன்னார். நண்பன் செத்துப் பிழைத்ததைப் பார்த்த ஒரு மணி நேரத்தில் ‘ஆடுகிறீர்களா?’ என்று கேட்டால் கிடைக்கும் பதிலை முடிவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில், அந்த நகர அணிக்கு எதிரான என்.எஃப்.எல். ஆட்டத்தில், பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் ஓடிவந்த எதிரணி வீரரைத் தடுத்தார், எழுந்தார், அப்படியே பின்னால் சாய்ந்தார். நெஞ்சில் விழும் அடி, இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில், இருபது முப்பது மில்லி விநாடிகளே நீளும் சாளரத்தில் பட்டால் நல்ல இதயமும் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். கமோஷியோ கார்டிஸ் என்பார்கள். களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். இரு அணிப் பயிற்சியாளர்களும் பேசிக்கொண்டார்கள், வீரர்கள் ஓய்வறைக்குப் போனார்கள், அன்று திரும்பி வரவில்லை. இரவு மருத்துவமனை வாசலில் இரு அணிச் சட்டைகளும் கலந்து நின்றன. மயக்கம் தெளிந்த ஹாம்லின் காகிதத்தில் எழுதிக் கேட்டது ‘யார் ஜெயித்தது?’ என்பது.

யாரும் ஜெயிக்கவில்லை. அந்த ஆட்டத்தை மறுபடி நடத்தவும் இல்லை, ரத்து செய்துவிட்டார்கள். மற்ற அணிகள் 17 ஆட்டங்கள் ஆடிய அந்தப் பருவத்தில் பஃபலோவும் சின்சினாட்டியும் 16 ஆட்டங்களோடு முடித்தன, அதற்கேற்ப பிளேஆஃப் விதிகளைத் திருத்தினார்கள். இரு அணிகளும் ஜனவரி 22 அன்று பிளேஆஃபில் மோதின, சின்சினாட்டி 27–10 என்று வென்றது.